பால்கனிக் கதவு தாழிடப்பட்டது தொடர்பாக

என் பெயரும் முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியுள்ளபடி சரியானவை. வயது நாற்பத்தொன்பது. வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். திருமணம் ஆகவில்லை. மேற்படி முகவரியில் மூன்றாவது மாடியில் என் அக்காவுடன் குடியிருக்கிறேன். அவர் தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து, நரம்பு நோய் காரணமாக முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்.

அக்காவின் நோயைப் பற்றிக் கேட்கப்பட்டதால் சொல்கிறேன். உடல் சூடேறினால் அவருடைய கால்கள் அவர் சொன்னபடி கேட்காது. குளிர்ந்த அறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடப்பார். புழுக்கம் ஏறினால் கட்டிலை விட்டு இறங்க முடியாது. ஆண்டின் பெரும்பகுதி இங்கே துவைத்த துணி காயாமல் கொடியிலேயே நாற்றமெடுக்கும். அதனால்தான் படுக்கையறையில் ஏசி வைத்தோம். சொகுசுக்காக வைக்கவில்லை.

ஏசியை வாங்கிய செலவைவிட அதைப் பராமரித்த செலவு கூடுதல். சம்பந்தப்பட்ட நிறுவனத்துடன் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். வடிகட்டியைக் கழுவுவது அதில் அடங்கும். வடிகட்டியை நானே கழுவிக்கொள்கிறேன். கேஸ் நிரப்புவது அடங்காது. கெப்பாசிட்டர், மின்னணு அட்டை அடங்காது. வெளி யூனிட்டை இறக்கி ஏற்றும் கூலி அடங்காது. சுருக்கமாகச் சொன்னால், கெடக்கூடிய எதுவும் அடங்காது. ஒருமுறை கேஸ் நிரப்ப என் ஒரு வாரச் சம்பளம் போகிறது.

சென்ற ஆண்டு, உப்புக் காற்றில் அரித்துவிட்டது என்று சொல்லி வெளி யூனிட்டின் சுருளை மாற்றினார்கள். புகார் கொடுத்துள்ள மெக்கானிக்தான் யூனிட்டை இறக்கிக் கொண்டுபோய், பிறகு கொண்டுவந்து பொருத்தினார். அதன் பிறகுதான் கேஸ் குறையத் தொடங்கியது. அடுப்பு எரிவாயு போல அது எரிந்து தீருவதில்லை, மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது, குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது என்று அவரிடம் சொன்னேன். “புழுக்கமான ஊர்ல சீக்கிரம் தீந்துடும் மேடம்” என்றார். அடுத்த முறை, இரவு பகலாக ஓட்டுவதால் என்றார். அதற்கடுத்த முறை, “வெயில் காலம்னா அப்படித்தான், கொஞ்சம் பொறுத்துக்கணும்” என்றார். ஒவ்வொரு முறையும் நிரப்பினார். ஒவ்வொரு முறையும் சில நாள் நன்றாகக் குளிர்ந்து, பிறகு வெறும் காற்று வந்தது.

அவரை நாங்கள் ‘மாப்பிள்ளை’ என்று கேலி செய்ததாகப் புகாரில் உள்ளது. உண்மை. வரும்போதெல்லாம் கை நிறைய வாங்கிக்கொண்டுதான் போகிறார் என்பதால் அக்கா வைத்த பெயர் அது. அவர் காதில் விழும் என்று நினைக்கவில்லை.

சம்பவத்துக்கு முந்தைய முறை ஏசி குளிராமல் போனபோது நான் வேலையில் இருந்தேன். அக்கா குளியலறைக்குப் போகும் வழியில் விழுந்துவிட்டார். நான் திரும்பி வரும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். கால்மிதியை மடித்துத் தலைக்கு வைத்திருந்தார். ஏன் என்னை அழைக்கவில்லை என்று கேட்டதற்கு, வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் தரைதான் என்றார். இதை நிறுவனத்திடம் தொலைபேசியில் தெரிவித்தேன். வருத்தம் தெரிவித்து, அன்றைய சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருகிறீர்கள் என்று கேட்டார்கள்.

சம்பவத்தன்று முற்பகலில் மெக்கானிக் வந்தார். அக்கா கட்டிலில் படுத்திருந்தார். படுக்கையறையை ஒட்டிய பால்கனியில் உள்ள வெளி யூனிட்டில் கேஸ் நிரப்பினார். அறை குளிர்ந்தது. அதன் பிறகு, குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவைப் பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டேன். “அதுக்குத் தனியா புகார் பதிவு பண்ணணும் மேடம். எனக்கு இன்னும் நாலஞ்சு வீடு இருக்கு” என்று சொல்லிவிட்டு, தன் பொருட்களை எடுக்கப் பால்கனிக்குப் போனார். நான் சமையலறைக்குப் போய்ச் சோப்பு நீர் கலக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது கதவு தட்டப்படும் சத்தம் கேட்டது. வாசல் கதவு என்று நினைத்து அங்கே போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. அதன் பிறகு படுக்கையறைக்குப் போனேன். பால்கனிக் கதவு உள்பக்கம் தாழிடப்பட்டிருந்தது. மெக்கானிக் வெளியே நின்றார். கதவருகே அக்கா திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“மேடம், என்ன விளையாட்டு இது? திறக்கச் சொல்லுங்க” என்று மெக்கானிக் ஜன்னல் வழியாகச் சொன்னார்.

“வெயில் காலம் மாப்பிள்ளை. கொஞ்சம் பொறுத்துக்கணும்” என்றார் அக்கா.

என்னால் கதவைத் திறந்திருக்க முடியும். திறக்கவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. சோப்பு நீரையும் ஒரு பழைய தூரிகையையும் ஜன்னல் கம்பி வழியாகக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. அதன் பிறகு குடிக்கத் தண்ணீரும் ஒரு குடையும் கொடுத்தேன். அவற்றை வாங்கிக்கொண்டார். அவரைத் தள்ளியதாகப் புகாரில் சொல்லியிருப்பது பொய். எங்களுக்கு நடுவில் முழு நேரமும் ஒரு கதவு இருந்தது.

அவர் தன் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார். அவர்கள்தான் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்ததாகப் பின்னர் அறிந்தேன். அலுவலக மேலாளர் என்னையும் அழைத்து, இது நிறுவனத்தின் விதிகளுக்கு முரணானது என்றார். கசிவைக் கண்டுபிடிப்பது பற்றி விதிகள் என்ன சொல்கின்றன என்று கேட்டேன். தொடர்பு துண்டிக்கப்பட்டது.

வெளி யூனிட் ஓடிக்கொண்டிருந்ததால் அதன் சூடான காற்று முழுவதும் அவர் மேல் அடித்தது. குடையை வெயிலுக்குப் பிடிப்பதா யூனிட்டுக்குப் பிடிப்பதா என்று சிறிது நேரம் தடுமாறினார். பிறகு குடையை மடக்கி வைத்துவிட்டு, சோப்பு நீரைக் கேட்டு வாங்கினார். முதல் இணைப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில், செம்புக் குழாய் யூனிட்டுக்குள் நுழையும் இடத்தில், நுரை பொங்கியது.

“அக்கா, கிடைச்சிருச்சு. நட்டு லூஸா இருக்கு” என்றார். அதுவரை என்னை மேடம் என்றுதான் அழைத்தார்.

“கடைசியா அந்த நட்ட முறுக்கினது யாரு?” என்று கேட்டேன்.

அவர் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து முறுக்கினார். நுரை நின்றது. நான் பால் காய்ச்ச எடுத்துக்கொள்ளும் நேரம்கூட ஆகவில்லை. அக்கா தாழ்ப்பாளைத் திறந்தார். மெக்கானிக் உள்ளே வந்து ஏசிக்கு நேர்கீழே தரையில் உட்கார்ந்தார். “வேர்வை அடங்கினதும் போங்க தம்பி” என்றார் அக்கா. அந்த நிலையில்தான் காவலர்கள் இருவர் வந்தனர். அவர்களும் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஏசியின் அருகில் நின்றே விசாரித்தனர்.

நடக்க முடியாதவர் எப்படிக் கட்டிலிலிருந்து கதவுவரை வந்து தாழிட முடியும், யாரைக் காப்பாற்ற இப்படிச் சொல்கிறீர்கள் என்று என்னிடம் கேட்கப்பட்டது. அறை குளிர்ந்திருந்தது, அதனால் நடந்தார். இதற்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை. அந்தக் குளிரை உண்டாக்கியவர் புகார்தாரர்தான்.

நான்தான் தாழிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். நோயாளியை வழக்கு, விசாரணை என்று அலைக்கழிக்க வேண்டாமே என்று நினைத்து, நிலையத்துக்குப் புறப்படும் முன் அக்காவிடம் அப்படிச் சொன்னேன். அவர், “நான் நடந்து போய்ப் போட்ட தாழ்ப்பாள நீ போட்டதா எழுதிக் குடுத்துட்டு வந்தேன்னா அப்புறம் என்கிட்ட பேசாத” என்றார். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் இங்கே உட்கார்ந்திருக்கும்போது நிறுவனத்திலிருந்து என் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. கசிவைச் சரிசெய்ததற்குக் கட்டணம் செலுத்தும்படி அதில் உள்ளது. இந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் அதிகாரியிடம் அதைக் காட்டினேன். அவர் இருமுறை படித்தார். கட்டணத்தைச் செலுத்தும் எண்ணம் எனக்கு இல்லை.

அக்காவையும் நிலையத்துக்கு அழைத்துவரும்படி சொல்லப்பட்டுள்ளது. இங்கே மின்விசிறி மட்டும் இருப்பதால் அவரால் வர இயலாது. அவருடைய வாக்குமூலத்தை வீட்டுக்கு வந்து பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்றுவரை அறை குளிர்ந்தே இருக்கிறது. வருபவர்கள் அழைப்பு மணியை ஒருமுறை அடித்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். கதவைத் திறக்க அவரே வருவார்.

பதிவு செய்ததை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ‘கேஸ் தீர்ந்தது’ என்று எழுதியிருந்த இடத்தில் ‘கசிந்தது’ என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். மற்றபடி இதில் உள்ளவை நான் சொன்னவை, நான் சொன்னவை உண்மை.

(ஒப்பம்)