பெருநாள் இல்லாத மருதோண்டி

பெட்டியோட எடுங்க சபூறா ராத்தா, ஒண்டு ரெண்டு கோன் காணாது! என்ன அப்படிப் பாக்கிறீங்க? பெருநாள் எப்பவோ முடிஞ்சுது, இப்ப ஆருக்கு இவ்வளவு மருதோண்டி எண்டுதானே? அதயேன் கேக்கிறீங்க... எல்லாம் எங்கட இறால் பக்டரியால வந்த வினை.

இறால் உரிக்கிற புள்ளைகளுக்குக் கையில கிளவுஸ் போடச் சொல்லிச் சொல்லி என்ட தொண்டத்தண்ணி வத்திப்போச்சு. ஒருத்தி வேர்க்குது எண்டுவா. கேதீஸ்வரி, "முதுகு நரம்பு கைக்குத் தட்டுப்படுதில்ல மிஸ்" எண்டுவா. இறால்ட நரம்பு தட்டுப்படாதாம், என்ட நரம்பு மட்டும் புடைச்சுக் கிடக்கு! மனேச்சர் நளீர் சேர் சும்மா இருந்தாரா? சுவரெல்லாம் கிருமிப் படம் ஒட்டினார். பச்சைக் கிருமி, பல்லும் முளைச்சு... புள்ளைகள் அதுக்கு அவர்ர பேரையே வச்சிட்டாளுகள். அவர் தலை தெரிஞ்சா கிளவுஸ் கையில, மறைஞ்சா பொக்கட்டில.

பிறகு நோன்புப் பெருநாள் வந்திச்சா... உம்மாடி! பெருநாள் முடிஞ்சு வேலைக்கு வாறாளுகள், ஒருத்தி மிச்சமில்லாம கிளவுஸ்! கிழிஞ்சா ஓடிவந்து புதுசு கேக்கிறாளுகள்! கிருமிக்குப் பயமா? ஓ, நல்லாப் பயந்தாளுகள்! குளோறின் தண்ணி பட்டா மருதோண்டிச் செவப்பு வெளிறிப்போகுமே, அதுக்குத்தான்! கேதீஸ்வரியும் கூட வேலை செய்யிற பஹீமாட்டப் போய்க் கை நிறையப் பூவும் கொடியும் போட்டுக்கொண்டு வந்திருந்தா. நரம்பா? அண்டைக்கு நல்லாத் தட்டுப்பட்டுது!

அந்த நேரம் பாத்து, இறால் வாங்குற கொழும்பு ஆக்கள் வந்து நிக்கிறாங்க. "எப்படி ஷாகிரா மிஸ் இந்தப் பழக்கம் வந்திச்சு?" எண்டு கேக்கிறாங்க. நான் வாய மூடிக்கொண்டு நிண்டிருக்கலாம்தானே... "நான் எடுத்த சுகாதார வகுப்பாலதான் சேர்" எண்டுட்டன். கைதட்டினாங்க ராத்தா. பொய் சொல்லுவானேன், எனக்கும் நல்லாத்தான் இருந்திச்சு.

செவப்பு மங்கிச்சு, கிளவுஸும் போச்சு. இப்ப வியாழக்கிழமை திரும்ப வாறாங்களாம், என்ட வகுப்பப் படம்பிடிக்க! வெறுங்கையக் கண்டா அவங்கட இறால் ஓடர் போகும். அதுக்கு முதல் என்ட வேலை போகும்.

என்ன? மருதோண்டியச் சும்மா குடுத்தாப் போடுவாளுகளா எண்டா? கேட்டனே! "பெருநாளுமில்ல, கலியாணமுமில்ல, என்னத்துக்கு மிஸ்?" எண்டாளுகள். என்ட வாய் சும்மா கிடக்குமா... கலியாணம் இருக்கு எண்டன். "ஆருக்கு?" எண்டாளுகள்.

சிரிக்காதீங்க ராத்தா. வீட்டில என்ன விட்டா வேற ஆர் இருக்கு? எனக்குத்தான் எண்டுட்டன். கேதீஸ்வரி கட்டிப்பிடிச்சு அழுதே போட்டா, சந்தோசத்தில. எனக்கும் என்னமோ போல போச்சு. வெள்ளிக்கிழமை எல்லாரும் வீட்ட வாறாளுகளாம், சாப்பாட்டுக்கு...

பெட்டியக் கட்டுங்க, கட்டுங்க. அதிருக்க ராத்தா... ஒங்கட கூடப்பொறந்த நானா அப்துல் கபூர், பொஞ்சாதி மௌத்தான பிறகு இன்னும் தனியத்தானே இருக்கிறார்?