கொதிக்காத லோரி

மோட்டார் வண்டிக்கு ஆற்றுத் தண்ணீர் ஆகாது. மழைத் தண்ணீர்தான் நல்லது. இது பலருக்குத் தெரிவதில்லை. ஆற்றுத் தண்ணீரில் வண்டல் இருக்கும். அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து, துருவோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு எஞ்சின் சூடு தணிய வழியில்லை, ஏற்றத்தில் கொதித்துவிடும்.

பேரா மாநிலத்தில், செமோருக்கு மேலே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் நான்தான் லோரி டிரைவர். வெள்ளைக்காரத் துரை லோரியை விட்டுவிட்டு ஓடினார். ஜப்பான்காரர்கள் லோரியோடு என்னையும் எடுத்துக்கொண்டார்கள். நாற்பத்து மூன்றில் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். பட்டியலில் பெயர் வந்தவர்களை ஏற்றிக்கொண்டுபோய் ஈப்போ ஸ்டேஷனில் இறக்குவது என் வேலை. யுத்தம் முடியும்வரை, போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு கடிதம்கூட வரவில்லை.

வழியில் ஒரு மேடு இருந்தது. அதில் பாதி ஏறியதும் லோரி தவறாமல் கொதிக்கும். கீழே ஓர் ஓடை. காவலுக்கு வரும் ஜப்பான் சார்ஜன், பின்னால் இருப்பவர்களிடம் ஆளுக்கொரு ரப்பர் பால் வாளியைக் கொடுத்துத் தண்ணீர் மொண்டு வரச் சொல்வான். இருபது பேர் இறங்குவார்கள். பன்னிரண்டு பேர் திரும்புவார்கள். மற்றவர்கள் ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள் போயிருப்பார்கள். எட்டு வாளிகள் கரையில் வரிசையாக இருக்கும். தோட்டத்து ஆட்கள் வாளி திருட மாட்டார்கள்.

ஆட்கள் ஓடிவிட்டார்கள் என்று எழுதினால் சார்ஜனின் தலை போகும். அதனால் ஓடையில் முதலை இருப்பதாக மேலிடத்துக்கு எழுதினான். முழங்கால் ஆழ ஓடை அது. மேலிடம் நம்பியது. முதலையைச் சுட ஒரு சிப்பாயையும் அனுப்பியது. அவன் துப்பாக்கியைத் தண்ணீருக்கு நேராக நீட்டிக்கொண்டு, ஆட்களுக்கு முதுகு காட்டி நின்றான். அந்த முறை பதினோரு பேரை முதலை தின்றது.

எல்லாம் எனக்குத் தெரியும். நான் ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. லயத்து வீட்டுப் பெண்கள், புருஷன்மார் புறப்படுகிற நாளில் ரேடியேட்டருக்குக் குங்குமம் வைக்கத் தொடங்கினார்கள். நன்றாகக் கொதிக்க வேண்டுமாம். ஒருத்தி கற்பூரம் காட்டினாள். இன்னொருத்தி விபூதியைத் தகடுகளின் இடுக்கில் அப்பிவிட்டாள். பதினாறு வருஷம் வண்டி ஓட்டியவன் நான். என் வண்டியின் கோளாறுக்குப் பூசை நடப்பதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த மாதிரி ஒரு லோரி பேரா பூரா தேடினாலும் கெடைக்காதுலா," என்றான் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ராமையா.

"வாய மூடுடா."

"ஏண்ணே கோவம்? பெருமையாத்தானே சொல்றேன். கார்த்திகேசு அண்ணன் கை பட்டா பச்சத் தண்ணிகூட கொதிக்கும்லா."

சிரித்தவர்களில் என் தம்பி சீனியும் இருந்தான்.

வியாழக்கிழமை ஒட்டிய பட்டியலில் சீனியின் பெயர் இருந்தது. நான் ரேடியேட்டரைச் சுத்தம் செய்தது வெள்ளிக்கிழமை. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. வெள்ளிக்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை, அவ்வளவுதான்.

சலவைச் சோடா கிடைக்காத காலம். பிலிம்பிங் காயை இடித்துப் பிழிந்தேன். அந்தப் புளிப்பு துருவைத் தின்னும். சாற்றை ஊற்றி எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டேன். திறந்துவிட்டபோது காப்பி நிறத்தில் சேறு வந்தது. அடுத்துச் சாம்பல் தண்ணீர் ஊற்றிப் புளிப்பை அடக்கினேன். பிறகு கீழ்க் குழாய் வழியாகத் தண்ணீரைச் செலுத்தி மேல் வழியாக வெளியேற்றினேன். அடைப்பு வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். தகடுகளுக்கு நடுவில் இருந்த குங்குமத்தையும் விபூதியையும் ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசியில் மழைத் தண்ணீர் நிரப்பினேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் சீனியின் மனைவி இருளாயி குங்குமத்தோடு வந்தாள்.

"நல்லா கொதிக்கும்தானே மாமா?"

"வண்டி நல்லா இருக்கும்மா," என்றேன்.

சீனி முந்தின நாளே காட்டுக்குள் போயிருக்கலாம். லோரியை நம்பி ஏறினான். அவனோடு சேர்த்துப் பத்தொன்பது பேர். மேடு வந்ததும் எல்லோரும் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். தகரம் மோதும் சத்தம் முன்னால் கேட்டது. பாதி மேட்டில் சீனி என் தலைக்கு மேலே தட்டினான்.

"அண்ணே, தண்ணி வேணாமா?"

"வேணாம்டா."

"நல்லா பாத்துச் சொல்லுண்ணே."

"பாத்துட்டேன். துளி ஆவி இல்ல."

லோரி மூச்சு வாங்காமல் ஏறியது. அப்படி ஒரு எஞ்சின் சத்தத்தை நான் கடைசியாகக் கேட்டது யுத்தத்துக்கு முன்னால். பக்கத்தில் இருந்த சார்ஜன் எனக்கு ஒரு சிகரெட் கொடுத்தான். ஓடைக் கரையில் முதலைக்காக நின்றிருந்த சிப்பாய் எங்களைப் பார்த்து விறைப்பாக வணக்கம் வைத்தான்.

ஈப்போ ஸ்டேஷனில் பத்தொன்பது பேரும் இறங்கினார்கள். சீனி முன்பக்கம் வந்து ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"சுடவே இல்லண்ணே," என்றான்.

பாராட்டுகிறான் என்றே எடுத்துக்கொண்டேன்.

யுத்தம் முடிந்ததும் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். சீனி காலராவில் போய்விட்டதாகச் சொன்னார்கள். மழையில் விறகு எரியவில்லையாம். குழியில் தள்ளி மூடினார்களாம். நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. எனக்கு இருந்த ஒரே தம்பி அவன். நாலாம் நாள் இருளாயி வந்து வாசலில் நின்றாள்.

"கொதிக்காட்டி என்ன மாமா? கொதிச்சிருச்சுன்னு சொல்லி நிறுத்தியிருக்கலாம்ல?"

நிறுத்தியிருக்கலாம். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. சார்ஜனுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் என்ன சொன்னாலும் நம்பியிருப்பான். மேட்டில், தம்பி இரண்டாம் முறை கேட்டபோதே இதையெல்லாம் யோசித்தேன். நின்றால் மறுபடியும் சிரிப்பார்கள் என்றும் யோசித்தேன். யோசித்த பிறகுதான் கியரை மாற்றினேன்.

இதை இருளாயியிடம் சொல்லவில்லை. அவளுக்கு விளங்குகிற மாதிரி ஒரே வார்த்தையில் சொன்னேன்.

"எனக்குப் பொய் சொல்ல வராதும்மா."