சுவருக்கு அப்பால் ஒரு சுவிட்ச்

பிரிக்பீல்ட்ஸில் வீட்டை வாடகைக்கு விட்டு நல்ல பெயர் எடுக்க முடியாது, இன்ஸ்பெக்டர். கூரை ஒழுகினாலும் வீட்டுக்காரன்தான் குற்றவாளி, பக்கத்து வீட்டுக் கோழி கத்தினாலும் அவன்தான். அப்படியிருந்தும் இந்தக் கந்தையா ஐயா கடுமையாகப் பேசினார் என்று என் வீட்டில் குடியிருந்த யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் வீடும் இராஜம்மா குடியிருந்த வீடும் ஒட்டியவை. நடுவில் ஒரே சுவர். ரயில்வே ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றபோது இரண்டையும் சேர்த்து வாங்கினேன். அவள் பக்கம் குளியலறை கிடையாது. ஒரு பெண் திறந்தவெளியில் குளிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பின்பக்கம் ஒன்று கட்டிக் கொடுத்தேன். சானிட்டரி போர்டில் அனுமதி கேட்டால் பழைய வீட்டையும் துருவிப் பார்ப்பார்கள். அதனால் கேட்கவில்லை. அங்கே ஒரு விளக்கு வேண்டுமே என்று, சுவரைத் துளைத்து என் வீட்டிலிருந்தே கம்பி இழுத்தேன். அதற்கு என் பக்கம் தனியாக ஒரு சுவிட்ச். எல்லாம் என் கையால் செய்ததுதான். படித்தவனுக்கு அது பெரிய வித்தை இல்லை.

கொஞ்ச காலம் கழித்து இராஜம்மா வந்து நின்றாள்.

"ஐயா, பைப்பைத் தொட்டா சுருக்குன்னு கையை இழுக்குது. பயமா இருக்குங்க."

ஈரக் காலோடு தொடாதே என்றேன். சொன்னதோடு விடவில்லை, பாசாருக்குப் போய் மரக்கட்டைச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். அவளும் அதைப் போட்டுக்கொண்டுதான் குளித்தாள். ஒரு நாள் மறந்துபோய் வெறுங்காலோடு போனவள், பைப்பைப் பிடித்ததும் தூக்கியெறியப்பட்டு மண்டையை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷா பிடித்துக் கொடுத்தது நான்தான். கம்பியை அப்போதே கழற்றியிருக்கலாம் என்பீர்கள். கழற்றினால் காரணம் கேட்பாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் என்னைக் கேட்காமலே கொர்னேலியஸைக் கூட்டி வந்துவிட்டாள். லைசென்ஸ் உள்ள வயர்மேன். கழுத்தில் சின்னச் சிலுவை, பேச்சில் அடக்கம். குறை சொல்ல முடியாத மனிதன். அவள் வீட்டு மெயின் சுவிட்சை அடைத்து, கரண்டை நிறுத்திவிட்டு நேரே என்னிடம் வந்தான்.

"ஐயா, வாடகை வீட்டில வேலை செய்யறதுன்னா எங்களுக்கு இதுதான் பயம். யார் எந்த வயரை எங்க இழுத்து வச்சிருக்காங்கன்னு தெரியாது. வேற லைன் ஏதும் இருக்குதுங்களா?"

"எனக்குத் தெரிய ஒண்டும் இல்லைத் தம்பி," என்றேன்.

அவன் என் பேச்சை நம்பிவிடவில்லை. சோதனை விளக்கை வைத்துப் பார்த்திருக்கிறான். சற்று நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"ஐயா, மெயினை அடைச்சும் இதுல கரண்ட் இருக்கு. வயர் உங்க வீட்டுப் பக்கம் போகுது. அங்க சுவிட்ச் இருந்தா அடைச்சிட்டுச் சொல்லுங்க."

கொர்னேலியஸின் மரண விசாரணையில் நான் சொன்னது உங்களுக்குத் தெரியும். நான் தோட்டத்தில் இருந்தேன், எதுவும் காதில் விழவில்லை, வயர்மேன் மெயினை அடைக்க மறந்திருப்பான். மாஜிஸ்திரேட் ஏற்றுக்கொண்டார். கொர்னேலியஸின் மனைவி பிலோமினா மட்டும் எழுந்து, "அவர் மறக்க மாட்டாருங்க. வீட்டில பல்பு மாத்தறதுன்னாலும் மெயினை ரெண்டு தரம் போய்ப் பார்ப்பாரு," என்றாள். உட்காரச் சொன்னார்கள். எனக்கு அவளைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இராஜம்மாவும் சாட்சி சொன்னாள். ஐயா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து 'நூத்திட்டன்' என்று சொன்னார் என்றாள். மொழிபெயர்ப்பாளருக்கு அந்தச் சொல் புரியவில்லை. மண்டையில் அடிபட்டவள், ஏதோ உளறுகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

நீங்கள் விடவில்லை. அவளை மறுபடி விசாரித்துவிட்டு வந்து என்னிடம் ஒன்றுதான் கேட்டீர்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்த பெண் அடைச்சாச்சு என்பாள், அணைச்சாச்சு என்பாள். அணைத்துவிட்டேன் என்பதற்கு என்னைப் போன்ற யாழ்ப்பாணத்தார் வாயில் மட்டும் வருகிற சொல்லை அவள் எங்கிருந்து கற்பனை செய்வாள்? நியாயமான கேள்வி. ஆகவே சொல்கிறேன்.

அவன் அந்தக் கம்பியைத் தொடர்ந்து வந்திருந்தால் அறிக்கை எழுதியே ஆகவேண்டும். அது அவன் தொழில். இராஜம்மாவின் மண்டை உடைந்த கதையும் அதோடு வெளியே வரும். கோயில் கமிட்டித் தலைவரான என் வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும். அவனிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்றும் நினைத்தேன். நான் யாரிடமும் கெஞ்சிப் பழகியவன் இல்லை.

"அடைச்சிட்டீங்களாய்யா?" என்று மறுபடியும் கேட்டான்.

"நூத்திட்டன் தம்பி. நீர் பயப்படாமல் தொடும்," என்றேன்.

அலறல் எதுவும் இல்லை. அவன் குதிகால்கள் சுவரில் இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இராஜம்மா தெருவுக்கு ஓடி ஆட்களைக் கூப்பிட்டாள். சத்தம் நின்றதும் என் பக்கத்துக் கம்பியை உருவி எடுத்தேன். அவள் வீட்டுக்குள் போய், அவன் அடைத்து வைத்திருந்த மெயினை மறுபடி போட்டேன். சுவரிலிருந்த துளையைப் பிறகு சிமெந்து வைத்துப் பூசினேன்.

ஒரு திருத்தம், இன்ஸ்பெக்டர். நான் சுவிட்சை அடைக்கவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். என் கை அதன் மேல்தான் இருந்தது. அடைத்தேன். கொஞ்சம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.