மூன்றாம் நாள் நின்றுவிடும்

வார்டுக்குள் வெற்றிலை போடக் கூடாது என்பது எங்கள் ஆஸ்பத்திரி விதி. பத்தொன்பது வருஷ நர்ஸ் வேலையில் அந்த விதியை நான் ஒரு நாளும் மீறியதில்லை ஐயா. ஒழுங்கீனம் எனக்கு ஆகாது. கேட்டதற்கும் ஒழுங்காகவே பதில் சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

தேனியில் எங்களிடம் வரும் கிழடுகளில் பாதிப் பேர் இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்கள். எண்பது, தொண்ணூறு வயசு. ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்துவிடும்; அதற்கப்புறம் சிலருக்குக் கிட்னி படுத்துவிடும். யாருக்கு என்று எனக்குத் தெரியும். நாக்கைப் பார்ப்பேன், புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்ப்பேன், "இவுகளுக்கு மூணாம் நாள் மூத்திரம் நின்னுரும்" என்பேன். நின்றுவிடும். ஆயாக்கள் என்னைக் கருநாக்குச் சுருளிவேல் என்று கேலி செய்வார்கள். பெரிய டாக்டரே, "சுருளி என்ன சொல்றான்?" என்று கேட்டுவிட்டுத்தான் கேஸ் ஷீட்டைத் திறப்பார். தேவாரம் ஊர்க் கூலிக்காரன் மகனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும், சொல்லுங்கள்.

இரண்டாயிரத்து ஆறில் டாக்டர் நாகஜோதி வந்தார். நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான். கையில் ஒரு தாள். வயசுக்கு இத்தனை மார்க், சர்க்கரைக்கு இத்தனை, ரத்தத்தில் உள்ள உப்புக்கு இத்தனை என்று கூட்டிப் பார்த்தால், யாருடைய கிட்னி கெடும் என்று அந்தத் தாளே சொல்லிவிடுமாம். பெரிய டாக்டர் என்னை விட்டுவிட்டுத் தாளைக் கேட்க ஆரம்பித்தார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்.

அந்தச் சமயத்தில்தான் பொட்டிப்புரம் மொக்கம்மாள் வந்தாள். எண்பத்தாறு வயசு, ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய் விழுந்தவள். தாளில் அவளுக்கு மார்க் குறைவு. "பாட்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் நாகஜோதி. பெரிய டாக்டர் முன்னாலேயே நான், "மூணாம் நாள் நின்னுரும்" என்றேன். வாயை விட்டுப் போன சொல்லைத் திருப்பி விழுங்க முடியுமா?

இரண்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பை நிறைய மூத்திரம். கிழவி தலையணையில் சாய்ந்துகொண்டு, ஆடு என்னாச்சு என்று மகளை அதட்டிக்கொண்டிருந்தாள். மகள் ராமுத்தாய் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணே, டாக்டரம்மா தண்ணி நெறையாக் குடுக்கச் சொல்றாக. எங்கூர்ல, ஆப்பரேசன் பண்ணுன ஒடம்புக்குத் தண்ணி குடுத்தாப் புண்ணு சீழ் கோத்துக்கிரும்னு சொல்றாக. குடுக்கவா, வேணாமா?"

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இந்தப் பயம் உண்டு. அது தப்பு, தாராளமாகக் கொடுங்கள் என்று எடுத்துச் சொல்வது என் வேலை. அன்றைக்கு, "பெரியவுக சும்மாவா சொல்லீருக்காக?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் தண்ணீர்ச் செம்பைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, பஞ்சை நனைத்து ஆத்தாளின் உதட்டில் மட்டும் ஒற்றினாள். பாசக்காரி. குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்ததும் நான் மாற்றவில்லை, மாற்றியதாக எழுதினேன். கிட்னிக்கு ஆகாது என்று நாகஜோதி கோடு போட்டு அடித்திருந்த வலி ஊசியை மணி தவறாமல் போட்டேன். பையில் எவ்வளவு இருந்தாலும் ஷீட்டில் ஆயிரத்து இருநூறு மில்லி என்று எழுதினேன்.

மறுநாள் மத்தியானம் கிழவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, ஒரு மடக்கு ஊத்துலே. நெஞ்சு காயுதுலே" என்றாள். பொறுத்துக்கோ ஆத்தா என்று பதமாகத்தான் சொன்னேன். நோயாளிகளிடம் நான் எரிந்து விழுவதில்லை.

அன்று சாயங்காலம் பை காய்ந்து கிடந்தது. நானே பெரிய டாக்டரைக் கூட்டி வந்து காட்டினேன். டயாலிசிஸுக்காக மதுரைக்கு ஏற்றி அனுப்பினார்கள். வண்டி ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. நாகஜோதி அழுதார். "நீங்க சொன்னதுதாண்ணே சரி" என்று என்னிடமே வந்து சொன்னார். அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆனால் அந்தப் பெண் தாளைக் கிழித்துப் போடவில்லை. பழைய கேஸ் ஷீட்டுகளையெல்லாம் இறக்கி வைத்து ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுப் பார்த்திருக்கிறார். நான் லீவில் இருந்தபோது தாள் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை. தப்பியதெல்லாம் என் டூட்டியில். அதனால்தான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

மொத்தம் பதினொரு பேர் நான் சொன்னபடி போனார்கள் ஐயா. முதல் இரண்டு பேர் தாமாகவே போனார்கள். மற்ற ஒன்பது பேரை நான்தான் போக வைத்தேன். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மொக்கம்மாள் கேஸில் என் பெயரை மட்டும் எழுதாதீர்கள். தாகம் என்று கெஞ்சியவளுக்குத் தண்ணீரை மறுத்தவள் ராமுத்தாய். அவளையும் கூப்பிட்டு, நேருக்கு நேர் கேளுங்கள். பெற்ற மகளுக்கே இல்லாத இரக்கம் எனக்கு மட்டும் எங்கிருந்து வரும்?