கிணற்றடியில் குந்தியிருந்த தில்லைநாதன்

மன்றத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் ஊர்ச்சங்கத் தலைவர் பஞ்சலிங்கம் அவர்களே, முன்வரிசையில் முகமலர்ந்து வீற்றிருக்கும் முதியோரே, பெற்ற பிள்ளைகளைப் போரில் பறிகொடுத்தும் பொறுமையைப் பறிகொடாத தாய்மாரே, எல்லோரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

யாருக்கு இன்று சிலை எடுக்கிறோம்? பாரத விடுதலைக்காக இங்கே மயிலிட்டியில் தோணி ஏறிக் கடல் கடந்தவருக்கு. 1930இல் வேதாரண்யத்தில் உப்பள்ளி, அடிபட்டு, திருச்சிச் சிறையில் அடைபட்டவருக்கு. அவர் பெயர் தில்லைநாதன். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

அடுத்த ஆண்டு பங்குனியில் திரும்பினார். மேளம் முழங்கியது, மாலை குவிந்தது. ஊர்வலம் எங்கள் நல்லதண்ணிக் கிணற்றடிக்கு வந்தது. அங்கே ஐந்தாறு பெண்கள் குடங்களோடு குந்தியிருந்தார்கள். சாதியின் பேரால் துலாக் கயிற்றைத் தொடக்கூடாதென்று விலக்கப்பட்டவர்கள். கயிறு தொடும் உரிமையுள்ள யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும். தில்லைநாதனுக்குத் தாகம். அவருக்கோ அள்ளும் உரிமை உண்டு. ஆனால் மாலையைக் கழற்றிவிட்டு, அந்த வரிசையின் கடைசியில் போய்க் குந்திவிட்டார்.

அன்றைய ஊர்ப்பெரியவர் பொன்னம்பலத்தார் ஓடிவந்து, எழும்பி அள்ளிக் குடிக்கச் சொன்னார்.

“இவையின்ரை முறை முடியட்டும், அம்மான். பிறகு குடிக்கிறன்.”

பொன்னம்பலத்தாருக்குக் கோபம் தலைக்கேறியது. இவன் எழும்பும்வரை ஒருவருக்கும் ஊற்றக்கூடாதென்று கட்டளையிட்டார். ஓம், நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அந்தப் பொன்னம்பலத்தார் என்னுடைய அப்பு, என் தகப்பனைப் பெற்றவர். வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

பொழுது சாய்ந்தது, விடிந்தது, மறுபடி வெய்யில் ஏறியது. வரிசையில் முதலாவதாக இருந்த வள்ளிப்பிள்ளை அவரிடம், “நீங்கள் எழும்புங்கோ, ஐயா. நீங்கள் இருக்கிறதாலை எங்கடை பிள்ளையளுக்கும் தண்ணி இல்லை” என்றாள். சிறைக்கு அஞ்சாதவர் அந்தச் சொல்லுக்குத் தலைகுனிந்தார்.

அப்போதுதான் அவருடைய தாய் கனகாம்பிகை வந்தார். மகனுக்கு அள்ளிக் கொடுக்கத்தான் வருகிறார் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். அந்தத் தாய் துலாக் கயிற்றைப் பிடித்து வள்ளிப்பிள்ளையின் கையில் கொடுத்தார்.

“நீ அள்ளு, பிள்ளை. உன்ரை குடத்தை நிரப்பிப்போட்டு அவனுக்கும் குடு.”

வள்ளிப்பிள்ளை கயிற்றை இறுகப் பிடித்தாள். அள்ளித் தன் குடத்தை நிரப்பினாள். அவள் ஊற்றியதை அவர் இரு கையேந்திக் குடித்தார். அன்று தொடங்கி அந்தக் கிணறு எல்லோருக்கும் பொதுவானது. பின்னர் அவர் கட்டிய பள்ளிக்கூடத்தையும் திறந்துவைத்த கோயிற் கதவையும் நீங்கள் அறிவீர்கள்.

இனி, சபையோரே, இன்று காலைக்கு வருகிறேன். இடம்பெயர்ந்து இருபத்தேழு வருடம் அலைந்தோம். திரும்பி வந்து முதல் வேலையாக அந்தக் கிணற்றைத்தானே இறைத்தோம்? இறைத்த கையோடு சுற்றிவர அடைத்து, இரும்புக் கேற் போட்டுப் பூட்டினோம். பாதுகாப்புக்கு என்றோம். அந்தப் பூட்டின் திறப்புகள் எத்தனை? மூன்று. யார் யார் வீட்டில்? உங்களுக்கே தெரியும். காலையில் அவ்வழியே வந்தேன். கேற்றுக்கு வெளியே ஐந்து பெண்கள் வெறும் தண்ணிக் கான்களோடு குந்தியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். கஜந்தினி என்ற பிள்ளை கோபமில்லாமல் சொன்னாள்:

“திறப்பு வைச்சிருக்கிறவை தில்லைநாதன் ஐயாவின்ரை விழாவுக்குப் போயிட்டினம், ரீச்சர். அவை வந்தாப்பிறகுதான் தண்ணி.”

யாருக்கு மாலை? யாருக்குப் பூட்டு? எந்த முகத்தோடு இந்தச் சிலையின் திரையை இழுப்பேன்? கை தட்டாதீர்கள், தயவுசெய்து. இது கை தட்டும் நேரம் அல்ல.

தலைவர் அவர்களே, மூன்றில் ஒரு திறப்பு உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. சிலை கல், அது காத்திருக்கும். கஜந்தினி வீட்டில் உலை வைக்கத் தண்ணீர் இல்லை. அந்தத் திறப்பை அவள் கையிலே கொடுத்துவிட்டு வாருங்கள். அதன்பிறகு திரையை நீக்குகிறேன்.

தலைவர் எழுந்துவிட்டார். சபையோரே, வழி விடுங்கள். அவரோடு நடக்கப்போகும் அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்.