சனிக்கிழமை ஊசியும் சீந்தில் கசாயமும்

கடற்கரை நாட்டு வைத்தியசாலையின் தலைமை வைத்தியர் திரு. வன்னியபெருமாள் அவர்கள் பணி நிறைவு பெறும் நன்னாளில், உடன் உழைத்தோர் உவந்து வாசித்தளிப்பது:

முத்துக்கரையின் மூலிகைச் செல்வரே! கசப்பைக் கலயத்திலும் கனிவைக் கண்ணிலும் வைத்த கருணையாளரே! ஊர் முழுவதற்கும் ஒரே அண்ணாச்சியே! வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகளாக நீங்கள் இடித்த சூரணத்தையும் இறக்கிய கசாயத்தையும் எடுத்துரைத்துப் புகழ்வதென்றால் பொழுது போதாது. நீங்களும் பாதியிலே எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவீர்கள். ஆகையால் ஒரே ஒரு வாரத்தின் கதையை மட்டும் சொல்கிறோம். நீங்கள் குறுக்கே மறுத்துப் பேசாதிருக்க, கதைக்குள் உங்களை 'அவர்' என்றே சொல்வோம். பொறுத்தருள்க.

மூன்றாண்டுகளுக்கு முன்பு, சங்கு குளிக்கும் பருவத்தில், மாப்பிள்ளையூரணிப் பக்கம் வாந்திபேதி கண்டது. கடற்கரையிலோ, கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் குளியாட்கள் குடும்பத்தோடு குடிசை குடிசையாய் நெருங்கிக் கிடந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே கிணறு. நோய் உள்ளே நுழைந்தால் குடிசை மிஞ்சும், ஆள் மிஞ்சாது. ஆஸ்பத்திரி டாக்டரம்மாள் ஜெயபாய் செவ்வாய்க்கிழமை வாந்திபேதித் தடுப்பு ஊசிப் பெட்டியோடு வந்தார், வந்த சுருக்கில் திரும்பினார். ஒரு கைகூட நீளவில்லை.

காரணம் யார் என்று பார்த்தால், நம்முடைய வைத்தியர்தான். பருவம் தொடங்குமுன் சீந்தில் கொடியும் நிலவேம்பும் சுக்கும் போட்டு அவர் காய்ச்சிக் கொடுக்கும் கசாயத்தைக் குளியாட்கள் ஆண்டுதோறும் குடித்துவந்தார்கள். சளியும் காய்ச்சலும் குறைந்திருந்ததாக அவர்களே சொன்னார்கள். "அண்ணாச்சி கசாயம் வயித்துக்குள்ள காவல் இருக்கு, ஊசி எதுக்கு?" என்று டாக்டரம்மாளையே கேட்டிருந்தார்கள். ஊசி போட்டால் கை வீங்கும். வீங்கிய கையோடு கடலடியில் சங்கு துழாவ முடியாது. துழாவாத நாளில் உலை ஏறாது.

இந்தச் சேதி காதில் விழுந்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தம் மருந்தின் பேராலேயே ஜனங்கள் சாகப்போகிறார்கள் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. நேரே டாக்டரம்மாளிடம் போய், ஊசி உடம்புக்குள் என்ன செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார். மருந்து இடிக்கும் வேதமணி அவரை வாசலில் மறித்து, நம்ம கசாயம் பத்தாதென்று நம்ம வாயாலேயே சொன்னால் நாளைக்கு இந்தப் படி ஏற ஆள் வராது என்று மன்றாடினார்.

"ஆளு உசிரோட இருந்தாத்தானலே படி ஏற முடியும்" என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே.

கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சியே குடிக்க வேண்டும் என்று குடிசைதோறும் சொல்லிவிட்டு, கடற்கரையில் கூட்டம் கூட்டினார். குளியாட்களின் தலைவர் பாஸ்கல் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, உங்க கசாயம் அம்புட்டுத்தானா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"ஏலே பாஸ்கல், கசாயம் உடம்புக்குத் தெம்பு குடுக்கும். ஆனா வாரவன் திருடனா, விருந்தாளியான்னு அதுக்குத் தெரியாது. ஊசி அவன் மூஞ்சிய முன்கூட்டியே காட்டிக் குடுக்கும். தெம்பும் வேணும், அடையாளமும் தெரியணும். அப்பத்தான் உடம்பு அடிச்சு விரட்டும்."

பாஸ்கலின் மனைவி ஆக்னஸ் விடவில்லை. "கை வீங்கிச்சின்னா கடலுக்கு நீங்களா போவீக?"

"ஏளா ஆக்னஸ், ஞாயித்துக்கிழமை உங்க தோணி போகுமா?"

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் ஒரு தோணியும் இறங்காது. மாதா கோயிலில் பூசை உண்டு, ஓய்வு உண்டு. சனிக்கிழமை கரையேறியதும் குத்திக்கொண்டால், வீக்கம் ஓய்வு நாளோடு போகும். தாமும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்தாமே, இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று டாக்டரம்மாள் பிற்பாடு தலையில் தட்டிக்கொண்டார்.

பாஸ்கலிடம் இன்னும் ஒரு கேள்வி இருந்தது. ஊசி ஏறிய கையால் இடித்த மருந்து பலிக்காது என்று கரையில் ஒரு நம்பிக்கை. "நீங்க போட்டுக்கிடுவீகளா? அதுவும் மருந்து இடிக்கிற வலது கையிலே?"

கைராசி போனால் வைத்தியருக்கு என்ன மிச்சம்? அவர் யோசிக்கவில்லை. சனிக்கிழமை தோணிகள் திரும்பியதும் முதல் ஆளாகச் சட்டைக்கையைச் சுருட்டி வலது கையை நீட்டினார். அடுத்து பாஸ்கல். அதற்குப் பிறகு வரிசை நீண்டது.

ஞாயிற்றுக்கிழமை பலருக்குக் காய்ச்சல். அவருக்கும்தான். வீங்கிய கையால் உலக்கை போட்டு, ஊசி போட்ட கடற்கரைக் கொட்டகையிலேயே கசாயம் காய்ச்சி இறக்கினார். கலயம் ஆவி பறந்தபடி நின்றது. சுற்றி நின்ற ஒருவரும் கிண்ணத்தை நீட்டவில்லை. ஊசி ஏறிய கை அல்லவா?

ஆக்னஸ்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கிண்ணத்தில் வாங்கிப் போய்ப் படுத்திருந்த புருஷனிடம் நீட்டினார். "நம்மளுக்காகத்தானே அந்தக் கையக் குடுத்தாக? குடிங்க."

பாஸ்கல் ஒரே மூச்சில் குடித்தார். பிறகு கலயம் காலியாக நேரமாகவில்லை.

திங்கட்கிழமை எல்லாத் தோணியும் கடலேறியது. சுற்று வட்டாரம் நெடுக ஒப்பாரி கேட்ட அந்தப் பருவத்தில், எங்கள் கரைக் குடிசைகளில் ஒரு சாவும் விழவில்லை. எது காத்தது என்று கேட்டால் அவர் மூன்றைச் சொல்வார்: காய்ச்சிய தண்ணீர், ஊசி, தெம்பு. அந்த வரிசையில்தான் சொல்வார். கசாயத்தைக் கடைசியில் வைக்கத் துணிந்த வைத்தியரிடம், அடுத்த ஆண்டு முன்னைவிடப் பெருங்கூட்டம் கசாயத்துக்கு வந்தது.

அண்ணாச்சி, கதை முடிந்தது. இனி நீங்கள் 'நீங்கள்'தான்.

எங்கள் பெருமையே! உங்கள் உடம்பில் தெம்பும், உள்ளத்தில் தெளிவும், வீட்டில் சிரிப்பும் நிலைத்திருக்க, நூறாண்டும் அதற்கு மேலும் நோயின்றி வாழ்க! காலையில் அடுப்பு மூட்ட யாரும் உங்களை எழுப்பாத நல்ல தூக்கம் வாய்க்க!

இந்த மடலில் தமக்கும் ஒரு வரி வேண்டும் என்று, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாஸ்கல் நேற்றே வந்து கேட்டார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறோம்:

"அன்னைக்குக் கை நீட்டின நாங்க எல்லாரும் இன்னைக்கு வந்திருக்கோம்."

இங்ஙனம்,
உங்களோடு உழைத்த
வைத்தியசாலைப் பணியாளர்கள்
தூத்துக்குடி, விய ஆண்டு ஆனி மாதம், 1946