மெல்போமெனி அம்மையாரின் இரண்டு வாளிகள்

மேடையில் வீற்றிருக்கும் அருட்தந்தை பார்த்தெனியோஸ் அவர்களே! மிரினா நகர மன்றத் துணைத் தலைவர் அவர்களே! பழைய வாகனக் கழகத்தின் தோழர்களே! துறைமுகச் சுங்க அலுவலகத்தில் அம்மையாரோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவர்களே! நேற்றே கோதுமை அவித்து, மாதுளை உதிர்த்து, கோலிவாப் படையல் செய்துகொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! காற்று இப்படி வீசும் நாளில் தீவின் மறுகரையிலிருந்து வந்து சேர்ந்த பெரியோர்களே! உங்கள் எல்லோருக்கும் கழகத்தின் செயலாளர் இக்னாட்டிஸின் வணக்கம்.

நம் கழகத்தின் தலைவி மெல்போமெனி கரவா அம்மையார் மறைந்து இன்று நாற்பதாம் நாள். இந்த மேடையில் நிற்பவன் துக்கத்தோடு பேச வேண்டும். துக்கம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு மேலே ஒரு கவலை வந்து உட்கார்ந்திருக்கிறது. அதையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

அம்மையார் எப்படிப்பட்டவர்? ஒரே வார்த்தையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பயந்தவர்! நம் தீவில் அவரைப் போலப் பயந்தவர் உண்டா? மேகம் கறுத்தால் என் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். "இக்னாட்டிஸ், உன் வண்டி அத்திமரத்துக்குக் கீழதானே நிக்குது? உடனே எடுத்துடு. பழம் விழுந்தா கறை பெயிண்டுக்குள்ள எறங்கிடும்." கடற்காக்கை ஒன்று தாழப் பறந்தாலும் அடிக்கும். "எச்சம் விழுந்துச்சுன்னா தேய்ச்சுடாதே. ஈரத்துணியப் போட்டு ஊற விடு. வெயில் ஏறுறதுக்குள்ள செய்யி." நாம் அவருக்கு வானிலை நிலையம் என்று பட்டப்பெயர் வைத்தோம். காதில் விழுந்தது. சிரித்தார். மறுநாளும் தொலைபேசி அடித்தது.

நம் துணைத் தலைவரின் மகள் திருமணம் நினைவிருக்கிறதா? மணப்பெண் புகைப்படத்துக்காக நம் கழக வண்டியின் கதவில் சாயப் போனாள். அம்மையார் குறுக்கே பாய்ந்தார். "கண்ணு, ராணி மாதிரி இருக்கே. ஆனா அந்த மணி வெச்ச கவுனோட கதவுல சாயாதே. ஒரு மணி கீறுனாப் போதும், நான் செத்தேன்." பெண் சாயவில்லை. அந்தப் படத்தில் மணமக்களுக்கு நடுவே மூன்றாம் ஆளின் கை ஒன்று, உள்ளங்கையை விரித்தபடி தெரியும். இன்றும் அந்த வீட்டுச் சுவரில் தொங்குகிறது!

நண்பர்களே, அந்த வண்டியைப் பற்றிச் சொல்லாமல் அம்மையாரைப் பற்றிச் சொல்ல முடியாது. கருப்பு மெர்சிடிஸ். அவருடைய கணவர் பந்தெலிஸ் இளமையில் ஓட்டிய டாக்ஸி. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அதில் ஏறி மருத்துவமனை போய் ஒரு குழந்தையோடு திரும்பியவர்கள்! பின்பு அது கைமாறி, பழுதாகி, ஒரு பட்டிக்குள் கோழிகள் அடையும் கூடாகக் கிடந்தது. கழகம் அதை மீட்டது. துருவைச் சுரண்டினோம், தகரத்தைத் தட்டினோம், அடிப்பூச்சு பூசினோம், தேய்த்தோம், மறுபடி பூசினோம். கடைசியாகக் கருப்பு ஏறியபோது அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். வண்டி கழகத்தின் சொத்து. நிற்பது மட்டும் பந்தெலிஸ் வீட்டுக் கொட்டகையில்.

கருப்பு வண்ணத்துக்கு மறைக்கத் தெரியாது. உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்தால், தூசியில் இருக்கும் மணல் வண்ணத்தின் மேல் மெல்லிய வளையங்களை இழுத்துவிடும். நிழலில் தெரியாது. வெயில் பட்டதும் சிலந்தி வலை போலப் பளிச்சென்று தெரியும். மெருகு போட்டு எடுக்கலாமே என்பீர்கள். ஒவ்வொரு மெருகும் வண்ணத்தில் ஒரு படலத்தைத் தின்றுவிடும். நம் வண்டியின் விளிம்புகளில் ஏற்கெனவே தேய்த்தாயிற்று. இன்னொரு முறை தேய்த்தால் அடிப்பூச்சு வெளியே வந்துவிடும்.

இந்த நிலையில்தான் பந்தெலிஸ் அண்ணனுக்கு மறதி வந்தது. முதலில் பெயர்களை மறந்தார். பிறகு வருடங்களை மறந்தார். ஓய்வு பெற்றதையே மறந்தார். காலையில் எழுந்ததும் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கந்தலை உருவி, கொட்டகைக்குப் போய், வேலைக்குக் கிளம்பும் டாக்ஸிக்காரராக வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். உலர்ந்த கந்தல். நம் ஊர்த் தூசி. கருப்பு வண்டி!

அதை முதலில் பார்த்தவர் நம் பொருளாளர் ஸ்திரதிஸ். வண்டிக்கு வண்ணம் அடித்தவரும் அவர்தான். அவர் போட்ட கூச்சல் துறைமுகம் வரை கேட்டது.

"யோவ் பெரியவரே, என்ன பண்றீங்க? கைய எடுங்க!"

"நீ யாருப்பா? கப்பலுக்குப் போகணுமா? இரு, தொடச்சுட்டு வரேன்."

"அண்ணே, மூணு வருஷ உழைப்பு அண்ணே!"

"மூணு வருஷமா காத்திருக்கியா? எந்தக் கப்பல்டா அது?"

சிரிக்கிறீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. செயற்குழு கூடியது. வண்டியை நகர மன்றக் கூடத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள் நிறுத்திவிடலாம் என்றார் ஸ்திரதிஸ். அம்மையார் எழுந்தார். தலைவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"காலைல எழுந்து அந்த வண்டியப் பாக்கலேன்னா, அவரு அதத் தேடிட்டு ரோட்டுல எறங்கிடுவாரு. எனக்கு ஒரு வாய்ப்புக் குடுங்க. அவர் கை படாம நான் பாத்துக்கறேன். ஒரு கோடு விழுந்தா, அன்னைக்கே எடுத்துட்டுப் போங்க."

வண்டியை உறை போட்டு மூடி வைக்கக் கூடாதா என்று ஒருவர் கேட்டார். "போட்டுப் பாத்தேன். உருவி எறிஞ்சுட்டாரு. மூடி வெச்ச டாக்ஸியப் பாத்தா ஓட்டறவன் செத்துட்டான்னு நெனப்பாங்களாம்."

வாய்ப்புக் கொடுத்தோம். பந்தெலிஸ் கை வண்டியில் படக்கூடாது என்பது நிபந்தனை. மாதம் ஒருமுறை ஸ்திரதிஸ் கைவிளக்கோடு போவார். நானும் கூடப் போவேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, கன்னத்தை வண்டியோடு ஒட்டி வைத்து, அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். அம்மையார் வாசலில் நிற்பார். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு முகம் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும். எங்களுக்குக் கொண்டுவந்த காபி அவர் கையிலேயே ஆறிவிடும். விளக்கு அணைந்ததும், "ஒண்ணும் இல்ல, அக்கா," என்பார் ஸ்திரதிஸ். அதன் பிறகுதான் அவருக்கு மூச்சு வரும். ஆறு வருடங்கள்! ஒரு கோடு கூட இல்லை. கணவரை நன்றாகக் கட்டிக் காக்கிறார் என்று நினைத்தோம்.

ஒரு வசந்த காலத்தில், ஆப்பிரிக்கப் பாலைவனத் தூசி வானத்தைச் செம்மண் நிறமாக்கி, அதோடு நாலு துளி மழையும் விழுந்ததே, நினைவிருக்கிறதா? ஊரே சேற்றில் முக்கி எடுத்தது போல இருந்தது. குழாயிலும் தண்ணீர் வரவில்லை. பொழுது விடிந்தும் விடியாமலும் அம்மையார் என்னை அழைத்தார். கைபேசியிலிருந்து.

"இக்னாட்டிஸ், எங்க வீட்டு போனுக்கு இப்பவே கூப்பிடு. டாக்ஸி வேணும்னு சொல்லு. அவரு எடுப்பாரு. பேசிக்கிட்டே இரு, விடாதே."

"ஏன் அக்கா, என்ன ஆச்சு?"

"கேக்காதே. தண்ணி தேடிப் போறேன். உனக்குப் புண்ணியமாப் போகும், பேசிக்கிட்டே இரு."

கூப்பிட்டேன். பந்தெலிஸ் எடுத்தார். தெளிவான, வேலையில் இருக்கும் டாக்ஸிக்காரரின் குரல்.

"டாக்ஸி. சொல்லுங்க, எங்க போகணும்?"

"மூத்ரோஸுக்கு."

"எத்தனை பேரு?"

"நானும் என் மாமியாரும்."

"மாமியார் என்ன எடை?"

"எதுக்குங்க?"

"அந்த ஏத்தத்துல என் வண்டிக்கு வலிக்கும். கூடையில கோழி இருக்கா? கோழி இருந்தா ஏத்த மாட்டேன். சீட்டு நாசமாப் போயிடுது."

கோழி இல்லை என்றேன். ஆடு உண்டா என்றார். பாலாடைக்கட்டி ஒழுகுமா என்றார். மாமியாருக்கு வாந்தி வருமா என்றார். என் மாமியார் இறந்து பத்து வருடம்! அவர் திடீரென்று, "இருங்க, வண்டியத் தொடச்சுட்டு வந்து பேசறேன்," என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. எதற்கென்றே தெரியாமல் கெஞ்சினேன். "அண்ணே, வெச்சுடாதீங்க, மாமியாரோட அக்காவும் வர்றாங்களாம்!" மறுமுனையில் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம். பிறகு, "அவங்க என்ன எடை?" என்று கேட்டாரே, அந்தக் குரலுக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

பின்னர்தான் கேள்விப்பட்டேன். அந்த நேரத்தில் அம்மையார் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்திருக்கிறார். ஏன் என்று அப்போதும் கேட்கவில்லை. புயலுக்கு முன்னால் ஓடுவது அவர் வழக்கம்தானே என்று இருந்துவிட்டேன்.

இந்த மாசி மாதக் குளிரில் மூச்சுத்திணறல் என்று மருத்துவமனைக்குப் போனார். இரண்டு நாள்தான். நான் பார்க்கப் போனபோது ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக் கேட்டார். "காத்து எந்தப் பக்கம்?" வடக்கு என்றேன். "தூசி?" இல்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். தன் மூச்சைப் பற்றிக் கேட்கவில்லை. மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார்! அன்றிரவு போய்விட்டார்.

சென்ற வாரம், இன்றைய வழிபாட்டுக்கு அந்த வண்டியில் போகலாம் என்று ஸ்திரதிஸும் நானும் கொட்டகைக்குப் போனோம். வண்டியை வெயிலுக்கு உருட்டினோம். ஸ்திரதிஸ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். என்ஜின் மூடி முழுக்க, கதவுகள் முழுக்க, வளையத்துக்கு மேல் வளையம்! கருப்பு சாம்பலாகிக் கிடந்தது. ஆறு வருடம் ஒரு கோடு கூட விழாத வண்டியில் ஐந்து வாரத்துக்குள் இது எப்படி நடந்தது?

பக்கத்து வீட்டு ஃபோதினி வேலிக்கு மேலிருந்து சொன்னாள். "உங்களுக்குத் தெரியாதா? அக்கா தினமும் அவரு எழுந்திருக்கறதுக்கு முன்னாடி வந்து கழுவுவாங்களே! ரெண்டு வாளி. ஒண்ணுல சோப்புத் தண்ணி, ஒண்ணு துணி அலசறதுக்கு. மேலேருந்து கீழ வருவாங்க. தேய்ச்சுத் துவட்ட மாட்டாங்க, துண்ட மேல படுக்க வெச்சு எடுப்பாங்க. அப்புறம் தரையத் தொடைப்பாங்க, அவரு வழுக்கிடக் கூடாதுன்னு. அவரோட கந்தலயும் தெனம் ராத்திரி அலசி, அடுப்புப் பக்கத்துல காயப் போட்டு, மறுபடி பையில வெச்சுடுவாங்க. அவரு வந்து தொடைக்கும்போது வண்டியில தூசியே இருக்காது. சுத்தமான வண்டியச் சுத்தமான துணியால தொடைப்பாரு. ஒண்ணும் ஆகாது."

கேட்டீர்களா? அம்மையார் நம் நிபந்தனையை ஒரு நாள் கூடக் கடைப்பிடிக்கவில்லை! பந்தெலிஸின் கை ஒவ்வொரு நாளும் வண்டியில் பட்டது. பனியில், தென்காற்றில், தண்ணீர் இல்லாத நாளில், காய்ச்சல் அடித்த நாளில், அந்தக் கை படுவதற்கு முன்னால் இவர் கை பட்டிருக்கிறது. கணவரிடமிருந்து வண்டியைக் காக்க வேண்டும். நம்மிடமிருந்து கணவரைக் காக்க வேண்டும். இரண்டு பக்கமும் பயந்து பயந்து ஒரு பெண்மணி ஆறு வருடம் நின்றிருக்கிறார்! பயந்தவர் என்று சொன்னேனே, இப்படிப் பயப்பட நம்மில் எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கிறது?

முந்தாநாள் செயற்குழு கூடியது. கோடு விழுந்தாயிற்று, வாக்குப்படி வண்டியை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். சொன்னதில் தவறில்லை. நாம் எல்லோரும் ஸ்திரதிஸைப் பார்த்தோம். அவர் அடித்த வண்ணம், அவருடைய மூன்று வருடம்.

"எடுத்துட்டுப் போனா, காலைல அந்த மனுஷன் எதத் தொடைப்பாரு?" என்றார்.

வண்டி அங்கேயே இருக்கும் என்று முடிவானது.

பந்தெலிஸ் அண்ணன் இங்கே இல்லை. ஃபோதினி அவரோடு இருக்கிறாள். மனைவி சுங்க அலுவலகத்துக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். மாலையானால் வாசலைப் பார்க்கிறார். அதற்கு நம்மிடம் மருந்தில்லை. ஆனால் காலைக்கு இருக்கிறது.

அந்த வளையங்கள் போகாது. கூரையின் நடுப்பகுதி தப்பித்தது, பந்தெலிஸ் அண்ணன் கை அதற்கு எட்டாது. விளிம்புகளில் இன்னும் ஒரு நூலிழை வண்ணம் மிச்சம் இருக்கிறது. அதுவும் போவதற்குள் நாம் அந்தக் கொட்டகைக்குப் போக வேண்டும். அம்மையாரின் பெயரில் கோப்பை வேண்டாம், சிலை வேண்டாம், தெருவுக்குப் பெயரும் வேண்டாம். தினமும் பந்தெலிஸ் அண்ணன் விழிப்பதற்குள் வண்டியைக் கழுவி, துண்டால் ஒற்றி, தரையைத் துடைத்து, சத்தமில்லாமல் வெளியே வந்துவிட வேண்டும். அந்த ஒன்றை இந்தக் கழகம் ஏற்றுக்கொள்கிறது என்று, அருட்தந்தையின் முன்னால், அம்மையாரின் படத்துக்கு முன்னால், உங்கள் எல்லோர் சார்பிலும் உறுதி சொல்கிறேன்.

இன்று காலை ஸ்திரதிஸ் போய்வந்தார். துண்டைத் தேய்த்துவிட்டோமோ, படுக்க வைத்தோமோ என்று மூன்று முறை என்னிடம் கேட்டுவிட்டார். அவருக்கும் அந்தப் பயம் தொற்றிவிட்டது. நல்லது. நாளை நான் போகிறேன்.

நாளை மறுநாள் யார்?